கடைசிப் படத்துக்கு ஒரு பெர்ம்

எங்கள் சந்தைத் தெருவில் புது ஃபோன் வந்தால் யாரும் முதலில் கடைக்கு ஓடுவதில்லை. என் பார்லருக்குத்தான் வருவார்கள். நான் ஒன்றும் மேதை இல்லை, எல்லாம் சோக்ஜுன் அம்மாவால்தான். அவளுடைய மகன் சோக்ஜுன் இணையத்தில் ஃபோன்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்கிறவன். அவன் சொன்னதை அம்மாக்காரி என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிப்பாள். மீன் விற்று ஒற்றை ஆளாய் வளர்த்த பிள்ளை, பெருமை இருக்காதா?

போன மாதம் அவள் தலையைச் சுருட்டிப் பெர்ம் போட வந்தது சாவுப் படத்துக்காக. வயதானவர்கள் உடம்பு தெம்பாக இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்களே, கடைசியில் சாவு வீட்டில் வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே நிற்கப் போகிற படம், அது. ஸ்டூடியோவுக்குப் போகக் கிளம்பியவளை மகன் தடுத்துவிட்டானாம். இன்னும் கடைக்கே வராத புது ஃபோன் அவன் கைக்கு வந்திருக்கிறதாம், ஸ்டூடியோக்காரன் அதனிடம் பிச்சை வாங்க வேண்டுமாம். படத்துக்குப் போட்டுக்கொள்ள இளம்பச்சைப் பட்டு மேல்சட்டையை அன்றே தேய்த்து மாட்டி வைத்துவிட்டாள்.

"துசிம், காதோரம் கொஞ்சம் தூக்கி விடு," என்றாள் என்னிடம். "வர்றவங்க மூணு நாளும் இந்த மூஞ்சியத்தானே பாத்துட்டு உக்காந்திருக்கணும். பாவம், பாக்கறாப்புல இருக்கட்டும்."

நானும் அந்தத் தலையை ஒரு கை பார்த்துவிட்டேன். நானே அசந்துபோகும் அளவுக்கு அழகாக விழுந்தது சுருள்.

நேற்று நடந்ததைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. சோக்ஜுன் அம்மா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பிளாஸ்டிக் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிம்ச்சி ஊறுகாய்க் கடை மிர்யோங், தலை நிறைய ரோலர். சுவரோரம் இன்னும் இரண்டு பேர், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டு. மிர்யோங்கின் ஃபோன் கீழே விழுந்து நொறுங்கியிருந்தது. புதிதாக வந்திருப்பதை வாங்கலாமா, இல்லை விலைக்குத் தகுந்த சரக்கு இல்லையா என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்படி மண்டையப் போட்டுக் குழப்பிக்கிறே? எம் புள்ள அதப் பத்தி வீடியோ போட்டுட்டான், டி.வி.யில வை," என்றாள் சோக்ஜுன் அம்மா. அவளும் இன்னும் பார்க்கவில்லையாம், எங்களோடு சேர்ந்து பார்க்க வேண்டுமென்று வைத்திருந்தாளாம்.

வைத்தேன். அடுத்த ஆளுக்குச் சாயம் கலக்கக் கையுறையை மாட்டிக்கொண்டேன். சோக்ஜுன் மூச்சு விடாமல் பேசினான். பாட்டரி, எடை, விலை என்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு கேமராவுக்கு வந்தான். திரை முழுக்கப் பழுப்பாக, கோடு கோடாக ஏதோ ஒன்று வந்து நின்றது. கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் அது யாரோ ஒருவரின் கண்ணோரத் தோல் என்று தெரிந்தது. ஒரு சுருக்கத்தைக்கூட இந்த ஃபோன் விட்டுவைக்கவில்லை பாருங்கள் என்றான். அடுத்து ஒரு தாடை, அதில் இரண்டு நரை முடி. அதற்கும் ஏதோ கிண்டல் அடித்தான்.

மிர்யோங் அதைக் காய்ந்த மீன் என்றாள். கிழங்கு தின்றவளுக்குப் புரையேறியது. என் வாய் சும்மா இருக்குமா?

"இந்த மூஞ்சிக்கெல்லாம் பெர்ம் பத்தாதுடி, இஸ்திரிதான் போடணும்," என்றேன்.

கடையே குலுங்கியது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது சோக்ஜுன் அம்மாதான். தொப்பி நழுவி விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

படம் பின்னுக்குப் போனது. முகம் முழுதாகத் தெரிந்தது. நடுவே வெள்ளையாக ஒரு கோடு, ஒரு பாதி போன வருட ஃபோனில் எடுத்தது, மறு பாதி புதியதில் எடுத்தது. கழுத்தருகே இளம்பச்சைப் பட்டு. காதோரம் நான் தூக்கி விட்ட சுருள்.

ரிமோட்டைத் தேடினேன். அது என் ஏப்ரன் பையிலேயே இருந்தது, சாயக் கையுறையோடு எடுக்க முடியவில்லை. அதற்குள் அவன், இந்த ஃபோன் பொய் சொல்லாது, தாராளமாக வாங்கலாம் என்று முடித்துவிட்டான். கீழே யார் யாரோ எழுதியிருந்த கேலிகள் ஓடின. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களைப் போல நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய ஃபோன் அடித்தது. மகன்தான்.

"பாத்தேன்டா. நல்லா இருக்கு. இங்க எல்லாருக்கும் ஒரே சிரிப்பு," என்றாள். கொஞ்ச நேரம் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஃப்ரேம் போட்டாச்சா? அதே படமா? ... இல்லடா, நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் கொண்டு வா. சாப்பிட்டியா?"

வைத்துவிட்டு மிர்யோங்கிடம் திரும்பி, வாங்கிக்கொள், என் பிள்ளை ஃபோன் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டான் என்றாள். மிர்யோங் தலையைக் குனிந்துகொண்டு தன் நொறுங்கிய ஃபோனைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயத்தை அலசும் நேரம் வந்தது. சோக்ஜுன் அம்மாவைப் பின்னால் கூட்டிப்போய் மல்லாக்கச் சாய்த்தேன். தண்ணீர் தெறிக்காமல் இருக்க எல்லோருக்கும் போடுவதுபோல வெள்ளைத் துண்டை முகத்தின் மேல் விரித்தேன். விரித்த பிறகுதான் பிணத்துக்கு முகம் மூடியதுபோல இருப்பது எனக்கு உறைத்தது. எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்கும் தைரியம் வரவில்லை. நான் என்ன ஜென்மம் என்று இருந்தது.

குனிந்து மெதுவாகச் சொன்னேன். ஸ்டூடியோவுக்குப் போகலாம், வேறு படம் எடுக்கலாம், நானே கூட வந்து தலை சீவி விடுகிறேன் என்றேன்.

"வேற எடுத்தா அவன் ஏன்னு கேப்பான்," என்றாள் துண்டுக்கு அடியிலிருந்து. "என்னன்னு சொல்றது? புள்ள பாவம், வெக்கப்படுவான்."

நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது.

"துசிம்."

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு நீயும் வந்து அந்தப் படத்துக்கு முன்னாடி மண்டி போட்டுக் கும்பிடணும். இஸ்திரி ஞாபகம் வந்து சிரிச்சுத் தொலையாத, என்ன? எம் புள்ள பக்கத்துல நிப்பான்."

அக்கா என்றேன்.

"தண்ணி சுடுது," என்றாள். "கொஞ்சம் குறைச்சு விடு."