மூன்று கிலோமீட்டர் சந்தேகம்

மோதி நசுங்கிய கார்களைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. காப்பீட்டு நிறுவனத்தில் சர்வேயர். நின்றிருந்த வண்டிமேல் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று வண்டிக்காரர் அழாத குறையாகச் சொல்லுவார். அவள் குனிந்து பம்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்தது தூணிலா சுவரிலா என்று சாவதானமாகக் கேட்பாள். பாதிப் பேர் அங்கேயே கவிழ்ந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவளிடம்தான் அவள் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு படிவங்களை நீட்டினார். மூன்று கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம், ஆற்றோரச் சாலையில், இன்னும் ஒரு மாதத்தில். பெற்றவரும் பிள்ளையும் ஜோடியாகத்தான் சேர முடியும். கையெழுத்துப் போடு என்றார்.

அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடம் ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர். அவரும் அவளும் குடியிருந்தது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. தெருமுனை டீக்கடைக்குப் போவதற்கே ஸ்கூட்டரை எடுக்கிற மனிதர். அவருக்கு எங்கிருந்து வந்தது இந்த ஓட்ட ஆசை? கேட்டாள். உடம்புக்கு நல்லதுதானே என்று பிடிகொடுக்காமல் சொல்லிவிட்டு நாளிதழை விரித்துக்கொண்டார். கால் மணி நேரமாக அவர் பக்கத்தைப் புரட்டவே இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது இதுதான். ஏதோ நோய் வந்திருக்கிறது, மறைக்கிறார். நான்கு வருடம் முன்பு அம்மா போனது அப்படித்தான். இதயத்தில் கோளாறு இருப்பதை யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை சமையலறையில் சரிந்தாள். அவ்வளவுதான். எனவே அப்பா குளிக்கப் போன நேரத்தில் அவருடைய அலமாரியைக் குடைந்தாள். மாத்திரை அட்டை ஒன்றும் இல்லை. நாலைந்து நட்டுகள், ஒரு ஸ்பிரிங், பழைய ஸ்பேனர். அவற்றுக்குப் பின்னால் ஒரு புதிய ஷூப் பெட்டி. உள்ளே பளபளவென்று பச்சை நிறத்தில் ஷூ.

அறுபத்தொரு வயதில் பச்சை ஷூ. அவளுடைய சந்தேகம் வேறு தெருவில் திரும்பியது.

அத்தைக்குப் போன் போட்டுச் சுற்றிவளைத்து விசாரித்தாள். அண்ணனுக்குத் துணை தேடும் எண்ணம் வந்திருக்குமோ என்ற கேள்வி புரிந்ததும் அத்தை இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாள். அப்படி ஒன்று இருந்தால் முதலில் எனக்குச் சொல்லு, புடவை எடுக்க வேண்டும் என்றாள். ஆனால் அன்று மாலையே அப்பா பால்கனியில் நின்று யாரிடமோ தாழ்ந்த குரலில், "அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வரமாட்டா" என்றது இவள் காதில் விழுந்தது. இவள் கதவைத் திறந்ததும் அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

அந்த வாரம் ஒரு காரைப் பார்க்கப் பட்டறைக்குப் போகும் வழியில், ஒரு டாக்டரின் கிளினிக் வாசலில் அப்பாவின் ஸ்கூட்டர் நின்றது. அவள் எதிர்ப்புறம் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தாள். இருபது நிமிடம் கழித்து அப்பா வந்தார். கூடவே வந்த நர்ஸ் அம்மாள் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நோயா, நர்ஸா என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரே பேச்சை எடுத்தார். ஓடுகிறவர்கள் இருவரும் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கித் தர வேண்டுமாம். அவள் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றாள். அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட இதைவிட நல்ல வழி ஏது?

பார்த்தாள். அதே கிளினிக்கில் அவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தன. உங்கள் அப்பா இன்னும் இருபது வருடம் ஓடுவார் என்றார் டாக்டர். பிறகு அவளுடைய முறை வந்தது. ஸ்டெதஸ்கோப் அவள் நெஞ்சில் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது. டாக்டர் அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார். இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், உடனே ஸ்கேன் எடுத்துவிடுங்கள், அதுவரை நடக்கலாம், ஓட வேண்டாம் என்றார். அவளுடைய தாளில் அப்படியே எழுதியும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் இரண்டு தாள்களையும் மடித்துப் பையின் அடியில் வைத்தாள். எனக்கும் ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொன்னாள். எத்தனையோ பேருடைய பொய்யைப் பிடித்தவளுக்குத் தன் பொய் இவ்வளவு சுலபமாக வந்தது வியப்பாக இருந்தது. அப்பா தேவைக்கு மேல் ஒரு வினாடி அவள் முகத்தைப் பார்த்தார்.

ஸ்கேனுக்கு அவள் நாள் குறிக்கவில்லை. இன்று நாளை என்று தள்ளினாள். ஓட்டத்துக்கு மட்டும் வரமாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் எதை மறைக்கிறார் என்பது அங்கேதான் வெளிப்படும் என்று ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பந்தய நாள் காலை ஆற்றோரம் திருவிழாக் கூட்டம்போல இருந்தது. பதிவு மேசையில் இருந்த பெண் எண் அட்டைகளைக் கொடுத்தாள். சான்றிதழ் யாரிடம் தர வேண்டும் என்று இவள் கேட்டாள். அந்தப் பெண் விழித்தாள். அதெல்லாம் நாங்கள் கேட்பதே இல்லை என்றாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார்.

விசில் ஊதிவிட்டார்கள். கூட்டம் நகர, இருவரும் ஓடினார்கள். அப்பா அவளுக்கு அரை அடி பின்னாலேயே வந்தார். அவள் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார். தலையை லேசாக அவள் பக்கம் சாய்த்திருந்தார். ஒரு கிலோமீட்டர் பலகையைத் தாண்டியபோது அவளுக்கு நெஞ்சு இறுகியது. விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்றாள். மற்ற ஜோடிகள் அவர்களைக் கடந்து போனார்கள்.

மூச்சு அடங்கியதும் கேட்டாள். "சர்டிபிகேட் யாருமே கேக்கல. ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

அவர் அவளைக் கையைப் பிடித்துத் தடுப்புச்சுவரில் உட்கார வைத்தார்.

"படியேறி வரும்போது நீ ரெண்டாவது மாடியில நிக்கிறம்மா" என்றார். "தினமும். போன் பாக்கிற மாதிரி. உங்கம்மாவும் அதே இடத்துலதான் நிப்பா, பைய கை மாத்துற மாதிரி. டாக்டர்கிட்ட போலாம்னா நீ சண்டைக்கு வருவே. அதான் அந்த டாக்டர்கிட்டயே போய் யோசனை கேட்டேன். சர்டிபிகேட்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்கன்னார்; அன்னைக்கு பால்கனியில பேசினதும் அவர்கிட்டதான்."

அவள் எண் அட்டையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எட்டாவது மாடியில மோட்டார் பேரிங் தேஞ்சா நான் கீழ நின்னுக்கிட்டே சொல்லிடுவேன். பக்கத்துலயே படுத்திருந்தவ மூச்சு எனக்குக் கேக்கல. உனக்கு என்னன்னு டாக்டர் சொல்லமாட்டேன்னுட்டார். உங்க பொண்ணுகிட்டயே கேட்டுக்குங்கன்னார். இப்ப கேக்கறேன்."

அவள் சொன்னாள். சத்தம், ஸ்கேன், தள்ளிப்போட்டது எல்லாவற்றையும். அம்மாவுக்கு வந்ததே எனக்கும் வந்திருக்குமோ என்று பயமாக இருந்தது, பார்த்தால்தானே தெரியும், அதனால்தான் பார்க்கவில்லை என்றாள்.

"ஓடக்கூடாதுன்னு சொன்னாரா?"

"நடக்கலாம்னார்."

"அப்புறம் எதுக்குடி ஓடினே?"

"நீங்க எதை மறைக்கிறீங்கன்னு பாக்கத்தான்."

அவருக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் கேட்கவில்லை. நடக்க அனுமதி இருக்கிறது, நடந்தே முடிப்போம் என்றாள். மீதித் தூரத்தை நடந்தார்கள். அவர் பத்தடிக்கு ஒருமுறை வலிக்கிறதா என்று கேட்டார். முடிவுக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு வாழைப்பழங்களைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் ஒரு வால்வில் சிறு கசிவு. மாத்திரை போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், அம்மாவுக்கு வந்தது வேறு, இது வேறு என்றார் டாக்டர். அப்பா ரிப்போர்ட்டை வாங்கி, புரியாத வார்த்தைகளையும் சேர்த்து மூன்று முறை படித்தார்.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு காரின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டரிடமிருந்து போன் வந்தது. "உங்க அப்பா வந்திருக்கார். அந்த ரிப்போர்ட் நிஜமாவே உங்களுதுதானா, நீங்க ஏதாவது சொல்லி மாத்தி வாங்கினீங்களான்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

அவள் கார் அடியிலிருந்து வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிடுங்க டாக்டர்" என்றாள். "இனிமே அவர் எப்ப கேட்டாலும் சொல்லுங்க."