இடுப்பளவு எடுத்த என்ஜின்

என் கணவர் தையல்காரர். நானும்தான். ஊரார் உடம்பை அளந்து பிழைக்கிற எங்களிடம் ஒரு பழைய பாய்மரப் படகும், அதன் வயிற்றுக்குள் அதைவிடப் பழைய டீசல் என்ஜினும் இருந்தன. பத்து வருடமாக அவர் சவாரிக்குக் கூப்பிடுவார். "அந்த டீசல் நாத்தம் எனக்கு ஆகாது" என்று நான் தட்டிக் கழிப்பேன். உண்மை வேறு. எனக்குத் தண்ணீர் என்றால் குலைநடுக்கம். அதை வாய்விட்டுச் சொல்ல என் திமிர் விடவில்லை.

போன மாதம் அவர் குண்டைத் தூக்கிப் போட்டார். "என்ஜினையே கழட்டிடறேன். பாயை மட்டும் வச்சு ஓட்டலாம். அப்ப வருவியா?"

மனிதரால் முடியாது என்ற தைரியத்தில், "ஓ, தாராளமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

இந்த ஞாயிறு காலையில் நான் படகுத்துறையில் நின்று பார்க்க, அவர் எண்ணெயை வடித்தார், குழாய்களைப் பிடுங்கினார், துருப்பிடித்த நாலு போல்ட்டுகளோடும் மல்லுக்கட்டினார். பாயைத் தாங்கும் குறுக்குக் கழியில் பளு தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, என்ஜினின் முன்னும் பின்னும் சங்கிலி மாட்டி இழுத்தார். அது ஆடி அசைந்து மேலே வந்து, மேல்தட்டு வாசலில் முட்டி நின்றுவிட்டது.

"அளந்தீங்களா?" என்றேன்.

"அளக்காம? என்ஜின் சுத்தளவு நூறு இஞ்ச். வாசல் சுத்தளவு நூத்தி நாலு. நாலு இஞ்ச் லூஸ்!"

தலையில் அடித்துக்கொண்டேன். என்ஜினுக்கு இடுப்பளவு எடுத்திருக்கிறார்! வாசலோ சதுரம், என்ஜினோ நீளம். மனிதர் என்றால் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்துவிடலாம். இரும்பு எக்குமா?

தள்ளிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். கடைசியில் கை முழுக்கக் கரியோடு உட்கார்ந்துவிட்டார். வழி எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. கழுத்து இறுக்கமான சட்டையை எப்படி மாட்டுவோம்? ஒரு தோளைச் சாய்த்துத்தானே? வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"பின்பக்கச் சங்கிலியை இறக்குங்க. முன்பக்கம் மேல போகட்டும். நெட்டுக்குத்தா நிக்கணும்."

வழுக்கிக்கொண்டு வந்தது, பாவி. கழியைத் திருப்பிப் படகுத்துறைப் பலகையில் அதை இறக்கியதும் அவர் குதித்த குதியில் படகே ஆடியது. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"நாத்தம்னு சொன்னது பொய்ங்க. எனக்குத் தண்ணின்னா பயம்."

"தெரியுமே."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாளு இந்தத் துறையில நின்னு என் கையை நசுக்கினியே, அன்னிலேர்ந்து."

"பின்ன எதுக்கு இந்தக் கூத்து?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த என்ஜின் சத்தத்துல, நீ 'திரும்பிடலாம்'னு சொன்னா என் காதுல விழாதே."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்து வருடம் தெரிந்தும் வாயைத் திறக்காத மனிதர்!

"கயித்தை அவிழுங்க," என்று படகில் கால் வைத்தேன். "ஆனா 'திரும்பிடலாம்'னு ஒரு தடவைதான் சொல்லுவேன்."