மூன்று விரல்

பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில், பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் ஆணி அண்ணன். கிழிந்த ரெக்சினை உரித்தாயிற்று; புதியதை இழுத்துப் பிடித்து அடிக்க வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் ஆணிகளுக்கு வாய்தான் டப்பா. நாக்கால் ஒன்றை உதட்டுக்குத் தள்ளுவார், காந்தச் சுத்தி வந்து அதன் தலையைக் கவ்விக்கொள்ளும், ஒரே தட்டு. இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. சோபாப் பட்டறையில் போய் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் நாலு பேரும் முழிப்பார்கள்.

முன்பெல்லாம் ஒரு கைப்பிடி ஆணியை அப்படியே வாயில் கொட்டிக்கொள்வார். இப்போது ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். அதைக் கதவோரம் நின்ற டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"ஏண்ணே ஒவ்வொண்ணா போடுறீங்க?"

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "வாய் சரியா தெறக்க மாட்டேங்குதும்மா. வயசாகுதில்ல."

"வயசானா முட்டிதான் மடங்காது. உள்ள வந்து உக்காருங்க."

"சட்டையெல்லாம் தூசிம்மா."

"தூசிய நான் பாத்துக்குறேன். மூணு விரலச் சேத்து, நிமித்தி, வாயில விடுங்க. நல்லா இருக்குற வாய்னா மூணும் போகணும்."

இரண்டு விரலே முழுசாகப் போகவில்லை. டாக்டரம்மா விளக்கை அடித்து, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். இடது கன்னத்தின் உள்ளே, சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைத் திட்டு.

"அது தெரியும்மா. ஆணி உரசுன தழும்பு. அதனாலதான் போன வருஷமே ஆணிய வலது பக்கம் மாத்திட்டேன்."

டாக்டரம்மா துணியால் அழுத்தித் துடைத்தார். திட்டு போகவில்லை. "சரி, இடது பக்கம் இப்போ என்ன வைக்கிறீங்க?"

திருட்டுப் பிள்ளை மாதிரி சட்டைப்பையிலிருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்தார். ஆணி காலி செய்துகொடுத்த இடத்தில் பாக்கை நாள் முழுக்க அடக்கிவைக்கலாம் என்று அவர் கண்டுபிடித்து ஒரு வருஷமாகிறது. பட்டறையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சரம் பொட்டலம் தொங்கும். முதலாளி உபயம். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால், டீ இடைவேளையை நிறுத்திய வாரம்தான் அந்தச் சரங்கள் வந்தன. பாக்கை அடக்கிக்கொண்டால் மதியம் மூன்று மணி வரைக்கும் பசி தெரியாது. நல்ல மனுஷன், ஓசியில் கொடுக்கிறார் என்று ஆணி அண்ணன் வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதையைக் கிள்ளி எடுத்தார். பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்.

பத்தாம் நாள் காலையில்தான் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். முடிவு வாங்க, இஸ்திரி வேலையைப் போட்டுவிட்டு மனைவியும் கூடவே வந்தாள். அவர் ஆணி அடித்த பெஞ்சிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். ரெக்சினின் மடிப்பை அவள் நகத்தால் நிமிண்டிக்கொண்டே இருந்தாள்.

"புத்துநோய் இல்ல," என்றார் டாக்டரம்மா. "ஆனா வாசல் வரைக்கும் வந்து நிக்குது. இப்போ வந்ததால தப்பிச்சீங்க. பாக்கு போடுறதாலதான் இதெல்லாம், இன்னைக்கே விடணும். வெள்ளத் திட்ட லேசர்ல எடுத்துடலாம். கன்னம் இறுகினது முழுசா இளகாது. மேல இறுகாம பாத்துக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா வரணும்."

ஆணி அண்ணன் எழுந்து கும்பிட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "காத்திருக்குறவங்க பெஞ்சு இன்னும் ரெண்டு இருக்கேம்மா. ஞாயித்துக்கெழம வந்து நானே தைச்சுத் தர்றேன். கூலி பேசக்கூடாது."

திட்டை எடுத்தார்கள். கன்னத்தில் வாராவாரம் ஊசி. வாய் விரிய, ஐஸ் குச்சிகளைக் கட்டாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருகி, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே வந்தார். மனைவிதான் செருகிவிடுவாள். சோற்றில் காரமில்லாமல் அவளும் சேர்ந்து சாப்பிட்டாள். டாக்டரம்மாவுக்கு, ஊசி போட்ட நர்ஸுக்கு, வழிவிட்ட காவலாளிக்கு, அரைநாள் லீவு கொடுத்த முதலாளிக்கு என்று அவர் தினமும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.

"உங்கள ஒருத்தன் வெட்டுனாலும், கத்தியக் கழுவிக் குடுத்துட்டு வருவீங்க," என்றாள் அவள்.

மூன்று மாதப் பரிசோதனையில் கன்னம் சுத்தமாக இருந்தது. இரண்டு விரல் தாராளமாகப் போனது. மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்ததும், தான் பெற்ற நன்மையைத் தன் கூட்டாளிகளும் பெற வேண்டும் என்று அவருக்குத் துடிப்பாக இருந்தது. அவரவர் சோபாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாலு பேரையும் கூப்பிட்டார்.

"ஆணியத் துப்பிட்டு மூணு விரல உள்ள விடுங்கடா. என்னத்தப் பெருசா கேட்டுட்டேன்?"

சிரித்துக்கொண்டே விட்டார்கள். இரண்டாவது விரலில் சிரிப்பு நின்றது. ஒருவருக்கும் மூன்றாவது போகவில்லை. ஒருவர் விரலை எடுக்காமலே அடுத்தவரைப் பார்த்தார்.

அந்த நேரம் முதலாளி வந்தார். "என்ன ஆணி, வாய் சரியாயிடுச்சாமே? சந்தோஷம்."

"எல்லாம் உங்க புண்ணியம் முதலாளி. லீவு குடுத்தீங்களே."

முதலாளி அண்ணாந்து பார்த்தார். ஆணி அண்ணனின் இடத்துக்கு மேலே மூன்று மாதமாகத் தொடாத பாக்குச் சரம் தூசி படிந்து தொங்கியது. அதைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஊதிவிட்டு, நாலாகக் கிழித்தார்.

"இவருக்குத்தான் ஆகாது. வீணாப் போக வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சம் வெச்சுக்கங்க."

ஆணி அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் இப்போது நன்றாகவே திறந்தது. நாலு பேரும் விரலை வாயிலிருந்து எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, முதலாளியிடம் கையை நீட்டினார்கள்.