ஒரு கண்ணுக்கு மட்டும்

"வாயை லேசாத் திற அக்கா. அவ்வளவு வேண்டாம், நான் என்ன பல்லா பிடுங்கப் போறேன்," என்றாள் தோய்னா.

சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்மரந்தா உட்கார்ந்திருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். தங்கையின் விரல் கீழுதட்டில் பட்டதும் தோள்கள் தாமாகவே சுருங்கின. எத்தனையோ வருஷங்களாக அந்த உதட்டைத் தொட்டது சாப்பாட்டுக் கரண்டியும் பூசையில் நற்கருணை ஊட்டும் கரண்டியும்தான்.

பத்தொன்பது வயதில் மலைமேலிருக்கும் கன்னியர் மடத்துக்குப் போனவள். அங்கே அவளுக்கு மாக்ரினா என்று பேர். நாற்பத்தொன்றில், படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டு சுச்சாவா நகரத்துக்கு இறங்கி வந்தாள். இலையுதிர் காலத்தில் அம்மா போய்விட்டாள். நாற்பதாம் நாள் காரியம் முடிந்ததும் திரும்பியிருக்க வேண்டும். அடுத்த வாரம் என்றாள், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றாள். பிறகு ஒரு நாள் கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். யாரோடும் சண்டையில்லை. ஓர் ஆணும் இல்லை. அம்மாவோடு இருந்த மாதங்களில், விழிப்பு வரும்வரை தூங்கினாள். மடத்து மணியோசை கேட்காதது ஒரு குறையாகவே தெரியவில்லை. இதை யாரிடம் போய்க் காரணமாகச் சொல்வது? மடத்தில் ஒரே அறையில் அவளோடு இருந்த, மாய்க்கா என்று அவள் மரியாதையாகக் கூப்பிட்ட கன்னி எவ்லம்பியாவிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை மடத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் எடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலையைத் தோய்னாதான் பிடித்துக் கொடுத்தாள். சட்டையில் குத்திக்கொள்ளப் பேர் பொறித்த வில்லை ஒன்றும் தந்தார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டாள். "தப்பா எடுத்துக்காத ஸ்மரந்தா. வர்றவங்க ஏற்கெனவே பயந்துபோய் வர்றாங்க. உன் முகத்தப் பாத்தா, அடுத்து பாதிரியாரத்தான் கூப்பிடணும்னு நெனச்சுக்குவாங்க. கொஞ்சம் கலர் போட்டுட்டு வாயேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஸ்மரந்தா தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"பெரிய வித்தையெல்லாம் இல்ல," என்றாள் தோய்னா. "முதல்ல க்ரீம். அது உள்ள இறங்கினதும் ஃபவுண்டேஷன். பொட்டுப் பொட்டா வெச்சு, கழுத்து வரைக்கும் இழுத்து விடணும். இல்லேன்னா முகமூடி மாட்டின மாதிரி தெரியும். புருவத்த சீவி விடு. மஸ்காராவ அடியிலேருந்து மேல கொண்டுபோ. லிப்ஸ்டிக்க அப்படியே பூசாத, விரல்ல தொட்டு ஒத்து. அவ்வளவுதான். ஆள்தான் தெரியணும், பூச்சு தெரியக் கூடாது."

"பாவம்னு தோணுதுடி."

"பல் டாக்டர் கிளினிக்ல உக்காந்து என்ன பெரிய பாவம் பண்ணப் போற நீ? இந்தா, பாரு."

கண்ணாடியை நீட்டினாள். மடத்து அறைகளில் கண்ணாடி கிடையாது. இருட்டிய ஜன்னலிலோ, தேய்த்து வைத்த செப்புப் பானையின் வயிற்றிலோ எப்போதாவது தெரிந்த முகம்தான் ஸ்மரந்தாவுக்குத் தன் முகம். இதில் இருந்தது வேறு யாரோ. கன்னத்தில் ரத்தம் ஓடுகிற, கண்ணுக்கு ஓரங்கள் உள்ள ஒரு பெண். வாய் மட்டும் அம்மாவினுடையது. அவள் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. தோய்னா சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முதல் சில நாட்கள் எல்லாம் தாறுமாறாகப் போயின. ஒரு கன்னம் சிவந்தும் ஒரு கன்னம் வெளுத்தும் இருக்கும். மஸ்காரா இமையில் ஒட்டும், துடைத்தால் கன்னம் வரை கறுக்கும். வீட்டில் பூசிக்கொண்டு, படியிறங்குவதற்குள் கைக்குட்டையால் அழித்துவிட்டு, கிளினிக் கழிப்பறையில் திரும்பவும் பூசுவாள். கீழ்வீட்டுக் கிழவர் ஒரு காலையில் லிஃப்டில் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். பஸ் நிறுத்தம் வரை சால்வையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அதெல்லாம் பொறுக்கக்கூடிய வெட்கம். பொறுக்க முடியாதது பிறகு வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கிய வாரத்தில், ஒரு செருப்புக் கடையைத் தாண்டும்போது, தான் வேண்டுமென்றே நடையைத் தளர்த்துவது அவளுக்குத் தெரிந்தது. செருப்பைப் பார்க்க அல்ல. கண்ணாடியில் தெரிந்த பெண்ணைப் பார்க்க. அவளை ஸ்மரந்தாவுக்குப் பிடித்திருந்தது. மேலே மடத்தில் இந்நேரம் எல்லோரும் வெறும் வயிற்றோடு கல்தரையில் நெற்றி படக் குனிந்துகொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. காது மடல் சுட்டது. ஆனாலும் மறுநாளும் அதே பக்கமாகத்தான் போனாள்.

ஒரு நாள் கிளினிக் மேசையிலிருந்து மடத்து வேனை அவள்தான் முதலில் பார்த்தாள். பனி உருகிச் சேறாகிக் கிடந்த தெருவில் அது வந்து நின்றது. பின்கதவைத் திறந்து, வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கியபடி எவ்லம்பியா இறங்கினாள். ஸ்மரந்தா எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள். குழாயைத் திறந்து, காகிதத்தை நனைத்து, உதட்டைத் துடைத்தாள், கன்னங்களைத் துடைத்தாள், இடது கண்ணை எரிய எரியத் தேய்த்தாள். வாசல் மணி அடித்தது. மேசையில் ஆள் இல்லை என்றால் டாக்டரம்மாவே வெளியில் வந்துவிடுவாள். காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தாள்.

"பேர்?" என்று கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். குரலைத் தாழ்த்தி, டாக்டரம்மாவின் நகரத்து இழுப்பை அதில் வரவழைத்திருந்தாள்.

"எவ்லம்பியா."

"முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா." வலியில் அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. தலை நிமிரவில்லை. அடையாளம் தெரியவில்லை என்றுதான் ஸ்மரந்தா நினைத்தாள். முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியே வெட்கமாக இருந்தது. காய்ச்சலில் கிடந்த ஒரு குளிர்காலம் முழுக்க இந்தப் பெண்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள்.

பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து அனுப்பினார்கள். ரத்தம் நிற்கும்வரை உட்காரச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. எதிர் நாற்காலியில் எவ்லம்பியா கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்மரந்தா திரையில் இருந்த பழைய பேர்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டதும், எவ்லம்பியா எழுந்து மேசையருகே வந்தாள்.

"ஒரு கண்ணுக்கு மட்டும் மை இருக்கு," என்றாள். பஞ்சால் வார்த்தைகள் குழறின. "நான் வர்றதப் பாத்துட்டா அழிச்சே, மாக்ரினா?"

ஸ்மரந்தாவின் கை வலது கண்ணை மூடிக்கொண்டது.

"மன்னிச்சிருங்க மாய்க்கா."

"எதுக்கு? மைக்கா, சொல்லாமப் போனதுக்கா?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மேசை விளிம்பை விரலால் தடவினாள். "உன் கட்டில இன்னும் யாருக்கும் விடல. புதுசா ஒரு பொண்ணு வந்தா. குறட்டை விடுவேன்னு பொய் சொல்லி வேற அறைக்கு அனுப்பிட்டேன்." எச்சிலை விழுங்கினாள். "பூசையில உசுரோட இருக்கறவங்க பேரையும் செத்தவங்க பேரையும் தனித்தனியாச் சொல்றப்பதான் கஷ்டம். உசுரோட இருக்கறவங்களோட உன்னையும் சேத்துச் சொல்லுவேன். சில நாள், செத்துத்தான் போயிட்டியோன்னு இருக்கும். அன்னிக்கு எந்தப் பக்கமும் சொல்லாம விட்டுருவேன்."

"உசுரோடதான் இருக்கேன்."

"அதான் பாக்கறேனே. இனிமே எந்தப் பேரச் சொல்லட்டும்?"

வெளியே வேன்காரர் ஹாரனை அடித்தார். ஸ்மரந்தா எவ்லம்பியாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். பழைய பேரைச் சொல்லிவிடலாம், அந்த முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வரும். புதியதைச் சொன்னால், மலையில் அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

"ஸ்மரந்தா," என்றாள். தன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

எவ்லம்பியா பஞ்சுக்கு இடையில் உதட்டை அசைத்து அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். கதவு வரை போய்த் திரும்பினாள். ஸ்மரந்தா பாதி எழுந்துவிட்டாள்.

"ராத்திரி சூப் குடிக்கலாமா?"

"ஆறவெச்சுக் குடிங்க."

"ஆகட்டும்."

வேன் சேற்றை இறைத்துக்கொண்டு திரும்பிப் போனது. உள்ளேயிருந்து டாக்டரம்மா அடுத்தவரை அனுப்பச் சொல்லிக் குரல் கொடுத்தாள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஸ்மரந்தா பையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். மஸ்காராவைத் திருகித் திறந்து, வெறுமையாக இருந்த கண்ணுக்கு நேரே பிடித்தாள். இமை நனைந்திருந்தது. காகிதத்தால் ஒற்றினாள், மீண்டும் நனைந்தது. கண்ணை அகலத் திறந்து, தூரிகையை மயிரிழைத் தூரத்தில் நிறுத்தி, இமை காயட்டும் என்று இமைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.