அக்டோபர் முதல் தேதியிலிருந்து

மார்லா ஹவெல்காவின் பெட்ரோல் பங்க் கடையில், ஐஸ் பெட்டிக்கும் லாட்டரிச் சீட்டு மேசைக்கும் நடுவே கிரிப்டோ இயந்திரம் வந்து நின்றபோது ஊரில் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பார்ப்பதற்கு ஏடிஎம் மாதிரியேதான் இருந்தது. ஆனால் அது பணம் தராது, வாங்கிக்கொள்ளும். நோட்டுகளை உள்ளே விட்டால் அதற்கு ஈடான பிட்காயின் நாம் காட்டுகிற இணையக் கணக்கு முகவரிக்குப் போய்விடும். போனது போனதுதான்.

"இது பேங்க் இல்ல மேடம்," என்றான் அதைப் பொருத்த வந்தவன். "அதனால பேங்க் சட்டம் எதுவும் இதுக்குக் கிடையாது. இதைப் பணம்னும் கவர்ன்மென்ட் சொல்லல, பணம் இல்லன்னும் சொல்லல. நீங்க ப்ளக் கழண்டுடாம பாத்துக்கிட்டாப் போதும். வாடகை மாசாமாசம் வந்துரும்."

மார்லா ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். அறுநூறு பேர் இருக்கிற ஊரில் பெட்ரோல் விற்று மட்டும் பிழைக்க முடியாது. அந்த வாடகை பால் வைக்கிற குளிர்பெட்டிகளின் மின்கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. எத்தனால் ஆலையில் வேலை பார்த்த இரண்டு பேரைத் தவிர யாரும் அந்த இயந்திரத்தின் பக்கம் போனதில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மதியம் விர்ஜில் ஸ்டெனெக் போனார்.

விர்ஜிலுக்கு எழுபத்தாறு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மார்லாவும் அவர் பேருந்தில் போய்ப் படித்தவள்தான். அவர் மனைவி இர்மாவுக்கு நினைவு தப்பிப்போய் நான்கு வருடமாகிறது. ஊரிலேயே இருந்த முதியோர் இல்லத்தில் அவளைச் சேர்த்திருந்தார். தினமும் மதியம் நடந்தே போய் அவளுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, திரும்பும் வழியில் மார்லாவின் கடையில் காபி குடிப்பார். அப்பா விட்டுப்போன எண்பது ஏக்கர் சோள நிலத்தை விற்று வங்கியில் போட்டு வைத்திருந்தார். இர்மாவின் இல்லத்துக்குக் கட்ட வேண்டிய தொகை அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்துவிட்டிருந்தது.

அன்று அவர் காபி இருக்கும் பக்கமே திரும்பவில்லை. பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் நேராக இயந்திரத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். சட்டைப் பையில் செல்போன் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"என்ன விர்ஜில், காபி வேணாமா? இப்பத்தான் போட்டேன். சத்தியமா நேத்து போட்டது இல்ல."

வேறொரு நாளாக இருந்தால், 'உன் காபிய ரோட்டுல ஊத்துனா குழியெல்லாம் அடைஞ்சிரும்' என்றிருப்பார். இன்றோ வங்கி உறையிலிருந்து நூறு டாலர் நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தார். கசங்கிய நோட்டை இயந்திரம் திருப்பித் துப்பியது. அதைத் தொடையில் வைத்துத் தேய்த்து நீவி மறுபடியும் உள்ளே விட்டார்.

மார்லா பக்கத்தில் வந்தாள். "யாராவது போடச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. இது என் சொந்தப் பணம். முதலீடு பண்றேன்." மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பதுபோல இருந்தது.

"நீங்களா? வண்டியில ரேடியோ மாத்தவே ரெண்டு வருஷம் யோசிச்ச ஆளு!"

அப்போதுதான் அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. தெரியாத ஊரில் இருட்டுச் சந்துக்குள் எதிரே வருகிற ஆளைப் பார்ப்பதுபோல, நாற்பது வருடமாகத் தெரிந்த மார்லாவைப் பார்த்தார். அவள் கல்லாவுக்குத் திரும்பிவிட்டாள்.

சட்டைப் பையில் இருந்த குரல் என்ன சொல்லியிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. தான் மத்திய அரசு அதிகாரி என்று சொல்லிக்கொண்ட அந்த ஆள், விர்ஜிலின் கணக்கைத் திருட வங்கிக்குள்ளேயே ஆள் இருக்கிறது, பணத்தை அரசாங்கத்தின் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு மாற்ற வேண்டும், அந்தப் பெட்டகத்துக்கு வாசல் இந்த இயந்திரம்தான் என்று நம்பவைத்திருந்தான். ஊரில் யாரையும் நம்பாதீர்கள், கடைக்காரியும் உடந்தையாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தான்.

வியாழக்கிழமையும் வந்தார். வெள்ளிக்கிழமை வந்தபோது மார்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"விர்ஜில், நான் டெட்டுக்குப் போன் போடப்போறேன்." டெட் ப்ரோகாஸ்கா அந்த வட்டாரத்துப் போலீஸ் அதிகாரி, துணை ஷெரீஃப்.

"போடு பாப்போம்!" பேருந்தின் பின்வரிசைக்குக் கேட்கிற அதே குரலில் கத்தினார். "என் பணத்த நான் என்ன வேணா பண்ணுவேன். உன் கல்லாவ நீ பாரு!"

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மார்லா எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டாள். வயது வந்த மனிதர், அவர் பணம், அவர் இஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சட்டப்படி அதில் தப்பும் இல்லை. அவர் போட்டதும் குற்றமில்லை, இயந்திரம் வாங்கிக்கொண்டதும் குற்றமில்லை.

திங்கட்கிழமை காலை விர்ஜில் மறுபடியும் வந்தார். கையில் உறை இல்லை, பையில் போன் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவான குரலில் கேட்டார்:

"மார்லா, இதுல போட்டதத் திரும்ப எடுக்க எந்தப் பட்டன அமுக்கணும்?"

அவள் கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவரை அங்கேயே ஐஸ் பெட்டியின் மேல் உட்காரவைத்தாள். பிறகு டெட்டுக்குப் போன் செய்தாள்.

டெட் வந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டான். பிட்காயின் எந்த நாட்டுக்குப் போனதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் விர்ஜில் போட்ட நோட்டுகள் அத்தனையும் இன்னும் இயந்திரத்தின் இரும்புப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பணம் எடுக்க வரும் வண்டி வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"பணம் இங்கதான் இருக்கு டெட்! இதோ, கைக்கு எட்டுற தூரத்துல!" என்றாள் மார்லா.

அன்று மாலையே டெட் நீதிமன்ற உத்தரவோடு வந்து பெட்டியைத் திறந்து நோட்டுகளைச் சாட்சியமாக எடுத்துப்போனான். ஊருக்கே உயிர் வந்ததுபோல ஆகிவிட்டது. யாரோ விர்ஜிலின் வீட்டுக்கு ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "பொழச்சீங்க போங்க!" என்று முடிவெட்டும் கடையில் முதுகில் தட்டினார்கள். அவரும் சிரித்தார்.

மூன்று வாரம்தான் அந்தச் சிரிப்பு. நிறுவனம் தன் பணத்தைக் கேட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அவர்களுடைய வக்கீல் சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. "ஐயாவுக்கு நடந்தது கொடுமை. ஆனா திரையில 'இந்த முகவரி என்னுடையது'ன்னு கேட்டப்போ அவர் ஆமான்னு அமுக்கியிருக்கார். அவர் வாங்கின பொருள அவர் காட்டின இடத்துல நாங்க சேத்துட்டோம். இந்த நோட்டு அந்தப் பொருளுக்கு அவர் குடுத்த விலை. திருட்டு அதுக்கப்புறம் நடந்தது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விர்ஜிலைப் பார்த்தார். "மிஸ்டர் ஸ்டெனெக், இந்த மாதிரி இயந்திரத்தப் பத்தி நம்ம மாநிலத்துல ஒரு வரி சட்டம்கூட இல்ல. இருந்தா அதை வச்சு உங்களுக்கு ஏதாவது பண்ணியிருப்பேன். இல்லாத சட்டத்த இங்க உக்காந்து என்னால எழுத முடியாது."

நோட்டுகளைத் திருப்பி ஒப்படைக்கும் வேலையும் டெட்டின் தலையில்தான் விழுந்தது. அன்று அவன் கடைக்கு வந்து காபியை ஊற்றி, குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான்.

ஏப்ரலில் இர்மாவை மாற்ற வேண்டிவந்தது. கையில் பணம் தீர்ந்தவர்களுக்கு அரசாங்கம் கட்டும். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கான படுக்கை உள்ளூர் இல்லத்தில் காலியில்லை. எண்பது மைல் தள்ளி ஓரிடத்தில் கிடைத்தது. நடந்துபோய் ஊட்டிவிட்டவர் வாரத்துக்கு ஒருமுறை பழைய பிக்கப் வண்டியில் போய்வர ஆரம்பித்தார். பெட்ரோலைப் பக்கத்து ஊரில் போட்டுக்கொண்டார். மார்லாவின் கடைக்கு அவர் வருவதே இல்லை.

இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று மாநிலத் தலைநகரான லிங்கனில் சட்டசபைக் குழுவின் முன் வரப்போவதாக டெட் சொன்னான். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். மார்லா விர்ஜிலின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் வலைக்கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசினார்.

"நீங்க வந்து சொன்னா கேப்பாங்க விர்ஜில்."

"அங்க முதல்ல பேரச் சொல்லி, எழுத்துக்கூட்டச் சொல்லுவாங்களாமே? டெட் சொன்னான். நான் ஒரு முட்டாள்னு கவர்ன்மென்ட் புத்தகத்துல எழுதிக்க நானே எழுத்துக்கூட்டிக் குடுக்கணுமா?"

"உங்கள யாரும் முட்டாள்னு..."

"நீ போ மார்லா. உனக்குச் சொல்ல வேண்டியது இருந்தா நீ சொல்லு."

அவள் தனியாகவே போனாள். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மேசைமேல் பச்சை விளக்கு எரிந்தது. பெயரைச் சொல்லி எழுத்துக்கூட்டினாள். எழுதிக் கொண்டுபோனதை வாசிக்கப் பார்த்தாள், முடியவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த மூன்று நாளும் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். வெள்ளிக்கிழமை போனைக் கீழே வைத்ததையும் சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் யாரும் அவளை நிறுத்தவில்லை.

கடைசியில் ஓர் உறுப்பினர் கேட்டார்: "அந்த இயந்திரத்துக்கு நீங்க வாடகை வாங்கினீங்க இல்லையா, மிஸஸ் ஹவெல்கா?"

"வாங்கினேன்."

"அந்த மாசமும்?"

"அந்த மாசமும் வாங்கினேன். இப்பவும் வாங்குறேன். ஒப்பந்தம் இன்னும் மூணு வருஷம் இருக்கு. இயந்திரத்த எடுத்தா என் மேல கேஸ் போடுவாங்க." மடித்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள். "அந்தக் காசுக்காகத்தான் நான் பேசாம இருந்தேனான்னு கேக்குறீங்க. எனக்கே தெரியலங்க. தினமும் கேட்டுப் பாக்குறேன்."

மே கடைசியில் மசோதா சட்டமானது. இயந்திரம் வைக்க உரிமம் வேண்டும். புதிதாக வருபவர் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் போட முடியாது. ஏமாந்தவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் புகார் கொடுத்தால் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். சட்டசபை அலுவலகத்திலிருந்து மார்லாவுக்கு ஒரு பிரதி வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் விர்ஜிலின் வீட்டுக்குப் போனாள். இந்தமுறை அவர் வலைக்கதவைத் திறந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி முழுவதும் படித்தார்.

"எப்பலேர்ந்து இது?"

"அக்டோபர் ஒண்ணாம் தேதிலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி நடந்ததுக்கு?"

மார்லா தலையை ஆட்டினாள். "இல்ல விர்ஜில். கேட்டுப் பாத்தேன். முன்னாடி நடந்ததுக்குச் செல்லாதாம்."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி அவளிடமே நீட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றார்.

ஆகஸ்டில் ஒரு காலை இர்மாவுக்கு மூச்சுத் திணறுவதாக இல்லத்திலிருந்து போன் வந்தது. விர்ஜில் எண்பது மைலையும் ஒரே மூச்சாக ஓட்டிப் போனார். அவர் போய்ச் சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பே அவள் போய்விட்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தது வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒரு பெண். அவளுக்கு இர்மாவின் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு நடந்தது. மார்லா காபிக் கூஜாவோடு மேசை மேசையாகப் போனாள். விர்ஜிலின் மேசையைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தபோது அவர் தன் கோப்பையை நீட்டினார்.

"ஒவ்வொரு வாரமும், ஏன் இவ்வளவு நாளா வரலன்னு கேப்பா," என்றார் கோப்பையைப் பார்த்தபடியே. "என்னை யாருன்னு தெரியாது. ஆனா யாரோ தினமும் வருவாங்க, இப்ப வரலங்கிறது மட்டும் தெரிஞ்சிருக்கு. ரோடு சரியில்ல, பனி கொட்டுதுன்னு சொல்லி வச்சேன். ஜூலை மாசத்துல."

மார்லா காபியை ஊற்றிவிட்டுக் கூஜாவை மேசைமேல் வைத்தாள். "அன்னைக்கு நான் போன் பண்ணியிருக்கணும், விர்ஜில்."

"ஆமா," என்றார் அவர். "பண்ணியிருக்கணும்." ஒரு வாய் காபி குடித்துவிட்டு, "பண்ணியிருந்தாலும் டெட்டு மேலயும் கத்தியிருப்பேன். உக்காரு. காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்க."

அவள் உட்கார்ந்தாள். கூடத்தில் நாற்காலிகளை மடிக்கத் தொடங்கும்வரை அப்படியே இருந்தார்கள்.

நவம்பரில் விர்ஜில் வீட்டை விற்றுவிட்டுக் கான்சஸில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தார். மார்லா அப்போது வங்கிக்குப் போயிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. அச்சடித்த வாசகத்துக்குக் கீழே அவர் கையால் எழுதியது ஒரே வரி. அரை நூற்றாண்டுப் பழக்கத்தில் கை தானாக எழுதியிருக்க வேண்டும்: 'அன்புடன், விர்ஜில், இர்மா.'