ஸ்பீக்கருக்கு ஆகாத பியானோ

நோலீனின் பியானோவை வீட்டைவிட்டு அனுப்ப அவள் புருஷன் மெர்வ் சொன்ன காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவனுடைய ஸ்பீக்கர் பாடும்போது பியானோவின் கம்பிகளும் கூடவே முனகுகின்றனவாம், பாட்டைக் கெடுக்கிறதாம். ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் அந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பியானோவில்தான் அவளிடம் கற்றுக்கொண்டார்கள். விரல் மூட்டு வீங்கி அவள் பாடத்தை நிறுத்தியதுதான் தாமதம், சர்ச் ஹாலுக்கு அதைத் தள்ளிவிட்டான்.

ஸ்பீக்கர்கள் அறுபதுகளில் செய்தவை. இடுப்புயர மரப்பெட்டி, உள்ளே காகிதக் கூம்பு. ஸ்பீக்கருக்குச் சத்தம் ஊட்டும் ஆம்ப்ளிஃபயர் முரடாக இருந்தால் கூம்பு கிழியும், சோப்ளாங்கியாக இருந்தால் சளி பிடித்தவன் குரலில் பாடும். தோதான ஆம்ப் தேடியே மெர்வ் ஓய்வுக்காலத்தைத் தீர்த்தான். ஒன்று வரும், நாலு மாதம் கொஞ்சுவான், பிறகு அதில் நொட்டை கண்டுபிடித்து விற்பான். கடைசியாக வந்தது கண்ணாடிக் குழாய் மினுங்கும் வால்வு ஆம்ப். இசைத்தட்டு சுழலும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் வேறு.

இப்போது சர்ச் ஹாலை விற்றுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துப் போகாவிட்டால் பியானோ குப்பைமேட்டுக்குத்தான் என்று போன் வந்தது.

“கொண்டு வந்துடலாம் மெர்வ்.”

“வந்தா மறுபடி முனகும் கண்ணு. இந்த ஆம்ப்ல இன்னும் தெளிவாக் கேக்கும்.”

“அவ்வளவு கூரான காதா? அப்ப ஞாயித்துக்கிழமை துணி கட்டிப் பாப்போம். பாடுறது வால்வா, கராஜ்ல தூசி திங்குற பழைய டிரான்சிஸ்டர் ஆம்பான்னு சரியாச் சொல்லிட்டா, பியானோ பேச்சையே எடுக்கமாட்டேன். தப்பாச் சொன்னா அது வீட்டுக்கு வரணும்.”

மெர்வ் சிரித்தான். “பாவம் நீ. சரி, பாத்துடலாம்.”

துணி கட்டிச் சோதிப்பது மெர்வ் மாதிரி ஸ்பீக்கர் பித்துப் பிடித்தவர்களின் வழக்கம். ஆம்ப்களுக்கு முன்னால் போர்வை தொங்கும். ஒருவர் பின்னால் நின்று ஒயரை மாற்றுவார். இரண்டும் ஒரே அளவு சத்தம் போடுகிறதா என்று முதலில் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வார். ஞாயிறன்று நண்பர்கள் கிளைவும் பெவனும் வந்தார்கள். கிளைவ் போர்வைக்குப் பின்னால் போனான். நோலீன் சாசேஜ் ரோலும் டீயும் வைத்துவிட்டு வாசற்படியோரம் நின்றாள்.

இசைத்தட்டு சுழன்றது. மெர்வ் கண்ணை மூடினான்.

“இதான் வால்வு. பாடுறவ மூச்சு இழுக்குறது கேக்குதாடா பெவன்?”

ஒயர் அசைந்தது.

“சீ, வறட்டுச் சத்தம். கராஜ் சரக்கு.”

மறுபடி அசைந்தது.

“ஆங், உயிர் வந்துடுச்சு பாரு. வால்வு.”

கிளைவ் போர்வையை விலக்கினான். வால்வு ஆம்ப் சும்மா மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் ஸ்பீக்கர் ஒயரே இல்லை.

“டேய் மெர்வ், நான் மாத்தவே இல்லடா. எல்லாத் தடவையும் பாடுனது கராஜ் சரக்குதான்.”

“பியானோ முனகுனது மட்டும் கேட்டுச்சாக்கும்?” என்றாள் நோலீன்.

மெர்வின் கழுத்து சிவந்தது. “சொன்னா சொன்னதுதான். வெள்ளிக்கிழமை பெவன் வண்டியில போறேன்.”

அந்த வாரம் முழுக்க நோலீன் முன்பு பியானோ இருந்த மூலையைச் சுத்தம் செய்தாள். அங்கிருந்த இசைத்தட்டு அலமாரியை நகர்த்தினாள். கம்பளத்தில் பியானோவின் கால்கள் பதிந்த பள்ளம் இன்னும் இருந்தது. ஷெட்டிலிருந்து பியானோ முக்காலியைத் தேடி எடுத்துத் துடைத்தாள். காலையில் வெந்நீரில் விரல்களை ஊறவைத்து ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். இந்த வயதில் இவ்வளவு சந்தோஷமா என்று தனக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெவனின் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. அவள் கதவை முழுசாகத் திறந்து வைத்தாள். தார்ப்பாயை விலக்கி இருவரும் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பிறகு அதேபோல இன்னொன்று. அவள் துடைத்து வைத்த மூலையில், அந்தப் பள்ளங்களின் மேலேயே வைத்தார்கள்.

“பியானோ எங்க?”

“கோவிச்சுக்காத கண்ணு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். குத்தம் என் காதுல இல்ல. அந்த வால்வு இந்த ஸ்பீக்கருக்குப் பொருந்தவே இல்ல, அதான் வித்தியாசம் தெரியல. பல்லரட் ஊர்ல ஒருத்தன் இந்த ஆம்ப் ஜோடிய இன்னிக்கே வந்து எடுத்துக்கன்னான். திரும்பி வர்றதுக்குள்ள ஹாலைப் பூட்டிட்டாங்க. பியானோவையும் குப்பை லாரியில ஏத்திட்டாங்களாம்.”

“போகும்போதே ஹால் வாசல் வழியாத்தான் போனோம்,” என்றான் பெவன், தரையைப் பார்த்து. “நிறுத்தட்டுமான்னு கேட்டேன் நோலீன்.”

மெர்வுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒயர்களை மாட்டி ஒரு தட்டை வைத்தான். பியானோ வாசிப்பு.

“வா, உக்காரு. அறைக்குள்ளயே பியானோ இருக்குற மாதிரி இல்ல? உன்னுது என்னிக்காவது இப்படிக் கேட்டுச்சா?”

“இல்ல மெர்வ். அதை வாசிச்சது நான்.”

அவன் கண்ணைத் திறக்காமலே விரலை உதட்டில் வைத்தான். தட்டு சுழன்றுகொண்டிருந்தது. நோலீன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.