விழாத காவடிக்காரன்

திருச்செல்வத்துக்கு ஒரு கேம் பிடிக்க வேண்டுமென்றால் அது முதலில் அவனைப் பத்துப் பதினைந்து தடவையாவது சாகடிக்க வேண்டும். சாகடிக்காததை அவன் கேம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் பகலில் அவன் தொழிற்சாலை சூப்பர்வைசர், மாலையில் யூடியூபில் கேம் விமர்சகர். பன்னிரண்டாயிரம் பேர் பார்க்கிற சேனல். அவன் யாரையாவது கிழித்துத் தொங்கவிடுவதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அதில் பெருமை வேறு.

இளைஞர் மன்றம் தமிழ்ப் பிள்ளைகள் செய்த கேம்களுக்குப் போட்டி வைத்தபோது அவனை நடுவராகக் கூப்பிட்டது. ஞாயிறு மதியம், தாமான் குடியிருப்பு மண்டபம், மூன்று நடுவர்கள். போட்டியாளர்களில் கடைசியாக வந்தவள் செலண்டார் ஊர் ராகினி. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். அவள் தினமும் வேலை முடிந்து வந்து, ஒரு கிழட்டு லேப்டாப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த கேம். கம்ப்யூட்டர் கடை சிவசாமியும் ஆசிரியை மோகனாவும் தாராளமாக மார்க் போட்டுவிட்டார்கள். திருச்செல்வம் பத்துக்கு ஐந்து போட்டால் போதும், அவள் கோலாலம்பூர் இறுதிச் சுற்றுக்குப் போய்விடுவாள்.

கேமில் ஒருவன் மாசி மகத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு மலாக்கா நகரத்திலிருந்து செங் மலைக்கோயிலுக்கு நடக்கிறான். அவ்வளவுதான். ஆனால் விடிகாலை வெளிச்சம் மயிலிறகில் வழுக்கிக்கொண்டு போனது. பட்டனைத் தொட்டால் காவடி சுழன்றது, விட்டால் மெல்ல அடங்கியது. எங்கேயும் ஒரு தடங்கல் கிடையாது. இவ்வளவு அழகாக இருப்பதே திருச்செல்வத்துக்கு எரிச்சலாக இருந்தது.

கண்ட்ரோலரை மேசையில் போட்டான்.

"அழகா இருக்கு லா, இல்லேங்கல. கையில தண்ணி மாதிரி ஓடுது. ஆனா கச்சாங் கேம்மா இது! பால் குடிக்கிற புள்ளைகூட முடிச்சிரும். பள்ளத்துல விட்டேன், விழல. மோட்டார் சைக்கிள் மேல மோத விட்டேன், தள்ளாடிட்டு நிமிர்ந்துக்குறான். இவன் என்ன மனுஷனா, பொம்மையா?"

"விழக்கூடாதுன்னுதாண்ணா அப்படிச் செஞ்சேன்," என்றாள் ராகினி.

"அப்புறம் எதுக்குக் கேமு? பேசாம ஒரு காலண்டர் அடிச்சு வித்திருக்கலாம்ல?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். சிவசாமி சிரிக்கவில்லை. அவருக்கு ரசனை அவ்வளவுதான் என்று திருச்செல்வம் நினைத்துக்கொண்டான்.

"நான் மூணு வருஷமா காவடி எடுக்குறேன்மா. உடம்பு பூரா அலகு, மாசி வெயிலு, தார் ரோடு. ஒரு இடத்துல உட்காரல. ஒருத்தன் என்னைத் தாங்கல. அதான் கஷ்டம். கஷ்டம்னா என்னன்னு தெரியாதவங்க செஞ்ச கேமு இது."

இதைச் சொல்லும்போது அவன் மனைவி தேவமலர் கார் சாவியோடு உள்ளே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனை அழைத்துப்போக வந்தவள். அவள் காதிலும் விழட்டும் என்று குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினான். பிறகு தாளில் பெரிதாக 3 என்று எழுதினான்.

ராகினிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை.

"அண்ணா, நீங்க முன்னால மட்டும்தான் பார்த்துக்கிட்டுப் போனீங்க. ஒரே ஒரு தடவை கேமராவைப் பின்னால திருப்புங்க."

உதட்டைச் சுழித்துக்கொண்டு திருப்பினான். காவடிக்காரன் பின்னால் எட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் எலுமிச்சம்பழம், ஒருவன் தோளில் தண்ணீர். பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி இடுப்பில் பிளாஸ்டிக் ஸ்டூலை இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் காவடியின் அடிச்சட்டத்தைத் தாங்கியபடி பக்கவாட்டில் நடந்தாள். அவன் தள்ளாடும்போதெல்லாம் எட்டுப் பேரும் தாங்கிப் பிடித்தார்கள்.

"ஓ, தாங்குறதுக்கு ஆளுங்களா? இது இன்னும் கேவலம். தனியா நடக்கத் துப்பில்லாதவன் எதுக்குக் காவடி எடுக்குறான்?"

"அது நீங்கதாண்ணா." ராகினி குரலைத் தாழ்த்தினாள். "போன மாசிக்குச் செங் ரோட்டுல நான் எடுத்த வீடியோவைப் பார்த்துத்தான் அந்த நடையைச் செஞ்சேன். பெட்ரோல் ஸ்டேஷன்கிட்ட உங்களுக்குக் கால் மடங்கிருச்சு. அதுக்கப்புறம் மலை வரைக்கும் ஆறு தடவை அந்த ஸ்டூல்ல உட்கார வச்சாங்க."

அருள் வந்தவனுக்கு வழி நினைவிருப்பதில்லை. புறப்பட்ட இடமும் மலையடிவாரமும்தான் திருச்செல்வத்துக்கு ஞாபகம். நடுவில் இருந்த வெற்றிடத்தை அவனே தன் வீரத்தை அள்ளிப்போட்டு நிரப்பிக்கொண்டிருந்தான். 'பொய்' என்று சொல்ல வாய் எடுத்தான். சாட்சிக்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பச்சைப் புடவை நான்தாங்க," என்றாள் தேவமலர்.

"நீ சொல்லவே இல்லையே?"

"சாமி காரியம். சொல்லிக் காட்டுவாங்களா?" அவள் எழுந்து வந்து தாளைப் பார்த்தாள். "மூணா? நல்லது, மூணே இருக்கட்டும். வர்ற மாசிக்கு நான் ஸ்டூல் தூக்கல. தண்ணி தூக்குற என் தம்பியையும் வரவேணாம்னு சொல்லிடுறேன். நீங்க தனியாவே நடந்து போங்க. ஈஸியா இருந்தா உங்களுக்குத்தான் பிடிக்காதே."

மோகனா டீச்சர் சிரிப்பை மறைக்கக் கைப்பையில் எதையோ தேடினார். அந்த நேரத்தில் திருச்செல்வம் ராகினியின் இரண்டு வருடத்தை நினைக்கவில்லை, கேமின் அழகையும் நினைக்கவில்லை. தார் ரோட்டையும் வெயிலையும் நினைத்தான். பின்னால் யாருமே இல்லாத ரோடு.

"ரெண்டாவது தடவை பார்த்தா கொஞ்சம் ஆழம் இருக்கு லா," என்று முனகிக்கொண்டே பேனாவை எடுத்தான்.

3ஐ 8 ஆக்க இடதுபக்கம் இரண்டு வளைவு போதும். ராகினி கோலாலம்பூர் போனாள். அந்த இரண்டு வளைவைப் போல் சுலபமான வேலையை அவன் எந்தக் கேமிலும் செய்ததில்லை.